மிஸ் என் காலில் கீறிய கோடு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழு வருடமாகிறது. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். எழுத வராததால் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கோயில் கூட்டத்து அறிக்கையெல்லாம் நான்தான் எழுதுகிறேன். பயத்தால்தான் எழுதவில்லை. எழுதினால் ஊரில் எனக்கிருக்கும் மதிப்புப் போய்விடும் என்று ஒரு பயம். எங்கள் ஊர் அம்மனான அம்மாளுக்குக் குறைவாக எதையும் எழுதிவிடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் இந்த வருடம் விட்டுப்போயிற்று. முதலாவது இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எழுதப்போவது ஒரு தாதியைப் பற்றி. நெடுந்தீவில் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்து கட்டும் அறையில் ஐந்தாறு வருடம் வேலை செய்தவர். பெயரை எழுதமாட்டேன். நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "மிஸ்" என்றால் அவர்தான். சொந்த ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன். வேதக்காரர். கழுத்தில் ஒரு நூலில் சிலுவை தொங்கும், இன்னொரு நூலில் நீலப் பேனை தொங்கும்.

அந்தப் பேனைதான் அவரை எங்கள் ஊரில் பிரபலமாக்கியது. யாராவது காயம் பழுத்து வீங்கி வந்தால் முதலில் கழுவுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தன் விரல்களின் பின்பக்கத்தைக் காயத்துக்குத் தூரத்தில் வைத்து, அங்கிருந்து மெதுவாகக் காயத்தை நோக்கி நகர்த்துவார். "எங்கடை தோலிலை சிவப்பு வடிவாத் தெரியாது. சூடு தெரியும்" என்பார். சூடு தொடங்குகிற இடத்தில் விரல் நிற்கும். அங்கே பேனையால் ஒரு புள்ளி. அப்படியே சுற்றிவரப் புள்ளி வைத்து, புள்ளிகளைத் தொட்டுக் கோடு கீறுவார். பக்கத்தில் மணியையும் எழுதுவார். கை கால்களில் தீவுப் படம் கீறினமாதிரி இருக்கும்.

"இதுதான் எல்லை. நாளைக்கும் சூடு இதுக்குள்ளை நிண்டா அவை வெல்லுகினம் எண்டு அர்த்தம். வெளியிலை வந்தா அவைக்கு ஆள் பத்தேல்லை. படகிலை ஏத்தி யாழ்ப்பாணம் அனுப்புவன்."

அவை என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்க நாளெடுத்தது. ஒருநாள் என் மனைவியின் விரலில் மீன்முள் ஏறி வீங்கிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான கடற்றொழிலாளி கையை நீட்டிக்கொண்டு இருந்தார். கெளிற்றுமீன் குத்திய கை பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

"அவை வந்திட்டினம். நல்ல வேலை செய்யினம்" என்றார் மிஸ், கையைத் தடவிப் பார்த்து.

கிழவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் பிள்ளை வந்திட்டினம்?"

"உங்கடை ரத்தத்திலை இருக்கிறவை, ஐயா."

"ரத்தத்திலையோ! உள்ளுக்கையும் ஆமி வந்திட்டுதோ?"

இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்கவில்லை. மிஸ் கையை விடாமல், "ஆமியும் இல்லை, இயக்கமும் இல்லை. ஊர்ச்சனம்" என்றார். "பனையோலை வேலி தீப்பிடிச்சா ஆர் முதல் ஓடி வருவினம்?"

"பக்கத்து வீட்டுக்காரர்தான்."

"எல்லாரும் நெருப்பணைக்கப் படிச்சவையோ?"

"படிச்சோ? கையிலை அகப்பட்டதோடை வருவாங்கள். வேலியைப் பிடுங்கி எறிவாங்கள். முத்தமெல்லாம் தண்ணியும் சேறும்."

"அந்தச் சேறுதான் இந்த வீக்கம். உள்ளை ஆக்கள் வாறதுக்கு வழி திறந்து விட்டிருக்கு, அதாலை தண்ணியும் வந்திட்டுது. உங்களுக்கு நோகுது. ஆனா அவை சும்மா நிக்கேல்லை." பிறகு அவருடைய தோளுக்குக் கீழே கமக்கட்டில் விரலை வைத்து அழுத்தினார். கிழவர் நெளிந்தார். "நெறி கட்டியிருக்கே? செய்தி இஞ்சை வந்து சேர்ந்திட்டுது. வந்த கள்ளன் ஆரெண்டு பாத்து, அவனைப் பிடிக்கவெண்டே ஆள் தெரிஞ்செடுத்து இஞ்சையிருந்து அனுப்புவினம். அவை வந்து சேர நாலைஞ்சு நாள் செல்லும்."

"எங்கடை படகு மாதிரி."

"ஓம், எங்கடை படகு மாதிரி."

"படகு பழுதாப் போனா என்ன செய்யிறது?"

"அதுக்குத்தானே ஐயா நான் கோடு கீறிறன்."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "உந்த மிஸ் பிரசங்கம் வைக்கிறா. ஆனா நோகாமல் கட்டுறா" என்றாள். அவளுடைய விரலிலும் கோடு இருந்தது. மூன்று நாள் அந்தக் கையால் மா குழைக்காமல் கோட்டைக் காப்பாற்றினாள்.

உள்ளே இருந்து வேலை செய்கிறவர்களை யாரும் அவமதிப்பது மிஸ்ஸுக்குப் பிடிக்காது. கந்தோரில் எழுத்து வேலை செய்கிற ஒரு தம்பி, தன் முழங்காலில் இருந்து சீழ் வந்ததைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "சீய்!" என்றான்.

"சீ எண்டாதையும் தம்பி. உதிலை பாதி உமக்காகச் செத்ததுகள்" என்றார் மிஸ். "செத்தவீட்டுக்குப் போய் மூக்கைப் பொத்துவீரோ?"

தம்பி கையை எடுத்துவிட்டான். சீழ் துடைத்த துணியை மிஸ் எறியவில்லை. நாலாக மடித்து வாளிக்குள் வைத்தார். "மிஸ்ஸுக்குக் கொஞ்சம் கழண்டது" என்று வெளியே வந்து சொன்னவர்களும் உண்டு. நானும் அன்று சிரித்தவன்தான்.

இன்னொரு நாள் ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்து அழுதாள். முதல்நாள் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சலாம். "சுகமாயிருந்த பிள்ளையை வருத்தக்காரியாக்கிப் போட்டியளே மிஸ்!"

மிஸ் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "உன்ர பிள்ளையின்ரை ஆக்களுக்கு நாங்கள் கள்ளனைக் காட்டேல்லை, அம்மா. கள்ளன்ரை சட்டையை மட்டும் காட்டினனாங்கள். அதைப் பாத்திட்டுத்தான் உந்தச் சத்தம். சட்டைக்குள்ளை ஆள் இல்லை, பயமில்லை. ஆனா சட்டையை மறக்க மாட்டினம். நாளைக்கு உண்மையான கள்ளன் அந்தச் சட்டையோடை படலைக்கு வந்தா, நாலைஞ்சு நாள் காத்திருக்க மாட்டினம். அண்டைக்கே பிடிச்சுப் போடுவினம்."

"உண்மையாவோ மிஸ்?"

"காய்ச்சல் நாளைக்கும் விடாட்டிக் கொண்டுவா. நான் எங்கையும் ஓடமாட்டன்."

காயத்தில் சனம் என்னவெல்லாம் பூசிக்கொண்டு வரும் என்று எழுதினால் முடியாது. கோப்பித்தூள், சுண்ணாம்பு, சுருட்டுச் சாம்பல். அவர் ஏசமாட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு அரைமணித்தியாலம் இருந்து கழுவுவார். ஒருமுறை ஒரு ஆச்சி அம்மன் கோயில் திருநீற்றைப் புண் நிறைய அப்பிக்கொண்டு வந்தார். மிஸ் அதையும் கழுவினார். ஆனால் அந்தத் தண்ணீரை மட்டும் கழிவுத் தண்ணீர் ஓடும் பீலியில் ஊற்றவில்லை. வேறு கோப்பையில் பிடித்து, வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவரைப் பற்றிச் சிரிக்கவில்லை.

சிரிக்கவில்லையே தவிர, அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

எங்கள் மூத்த மகளுக்கு டெங்கு வந்து தப்பிய வருடம் அது. தப்பினால் தேரன்று பிரதட்டை செய்வேன் என்று அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். ஈர வேட்டியோடு தேருக்குப் பின்னால் கோயில் வீதி முழுதும் உருண்டு வருவதுதான் பிரதட்டை. தேருக்கு நாலு நாள் இருக்கையில், தண்ணீர்ப் பந்தலுக்கு மட்டை வெட்டப் போன இடத்தில் பனங்கருக்கு என் கணைக்காலைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். ஊற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் கால் கனத்தது. மனைவி ஏசி ஏசிக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்குத்தர் பார்த்துக் குளிசை தந்தார், மூன்று நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி. ஏற்புவலி வராமல் ஊசியும் போட்டார்கள். பிறகு மிஸ் கண்ணை மூடி விரலை வைத்தார். கோடு முழங்காலுக்கு நாலு விரல் கீழே விழுந்தது.

"நாளைக்கு வாங்கோ அண்ணை. கோட்டைத் தாண்டினா படகு. கதையில்லை."

"நாளையிண்டைக்குத் தேர், மிஸ்."

"அப்ப அவை கெதியாப் பிடிக்க வேணும் எண்டு அம்மாளைக் கும்பிடுங்கோ. குளிசையையும் போடுங்கோ."

கும்பிட்டேன். குளிசை விஷயத்தில் பிழை விட்டேன். நேர்த்திக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். சாப்பாடு ஒருநேரம் என்றபடியால் குளிசையும் ஒருநேரம்தான் போட்டேன். அதைப் பிழை என்றே அப்போது நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் காலைப் பார்த்தேன். மிஸ் செய்தமாதிரியே கண்ணை மூடி, விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தேன். சூடு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது.

படகு என்றால் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணம் என்றால் தேர் இல்லை, பிரதட்டை இல்லை. மகளைத் தந்தவளுக்குச் சொன்ன சொல் பொய்த்துப்போகும். சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக் கோட்டை உரஞ்சினேன். கழுவிய பிறகு பேனையால் புதுக்கோடு கீறினேன், முழங்காலை ஒட்டி, சூட்டுக்கும் இரண்டு விரல் மேலே. மிஸ் எழுதிய மணியையும் பார்த்து வைத்து அதேமாதிரி எழுதினேன். "அம்மாளே, தேர் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்" என்று கும்பிட்டுக்கொண்டுதான் இவ்வளவும் செய்தேன்.

மருந்து கட்டும் அறையில் அன்று சனம் கூட. மிஸ் விரலை வைத்துப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மறுபடி விரலை வைத்தார்.

"நான் இவ்வளவு மேலையே கீறினனான்?"

"ஓம் மிஸ். நீங்கள்தானே கீறினனீங்கள்."

கண் ஏமாற்றும், கோடு ஏமாற்றாது என்று எல்லோருக்கும் சொல்கிறவர் அவர். தன் கண்ணை விட்டுவிட்டுக் கோட்டை நம்பினார். முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியளே அண்ணை! அவை பின்னுக்குத் தள்ளிப்போட்டினம்! இவ்வளவு கெதியா நான் காணேல்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் என் காலைக் காட்டினார். பிறகு, "நாளைக்கு ரண்டு மணிப் படகிலை நான் ஊருக்குப் போறன். மாதா கோயில் பெருநாள், பின்னேரம் மாதாவின்ரை சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுத்தி வருவினம். நாலு நாள் நிக்கமாட்டன். உங்கடை காலைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இனி நிம்மதியாப் போவன். ஆனா உருளுறதை மட்டும் விடுங்கோ, காயத்துக்கை மண் போகும்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். அவருடைய சந்தோஷம் என்னோடு வீடுவரை வந்தது.

தேரன்று காலையில் எழும்பும்போதே தொடையடியில் நெறி கட்டியிருந்தது. குளித்து ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போனேன். தேர் நகர்ந்தது. "அரோகரா" என்று சனத்தோடு நானும் சொன்னேன். மண்ணில் விழுந்து உருளத் தொடங்கினேன். கிழக்கு வீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்பிய இடத்தில், அந்த உச்சி வெயிலில், எனக்குக் குளிர்ந்தது. பல் கிட்டிக்கொண்டது. கை, கால், தோள் எல்லாம் தாமாக உதறத் தொடங்கின.

"கலை வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

தெய்வம் ஒருவர் மேல் இறங்கி ஆடுவதைத்தான் நாங்கள் கலை வருவதென்போம். பறைமேளம் கிட்ட வந்தது. கற்பூரத் தட்டு வந்தது. என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் நடுங்க நடுங்க மேளம் உரத்தது. என் சின்ன வயதுச் சிநேகிதன் என் காலில் விழுந்தான். கோயில் தலைவர் கைகூப்பி, "அம்மாளாச்சி, வாக்குச் சொல்லு தாயே. எங்களிலை என்ன குறை?" என்று கேட்டார்.

எனக்குள் அம்மாள் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குள் என்ன நடக்கிறதென்றும் தெரியும். மிஸ் சொல்லித் தந்திருந்தார். அவைக்கு ஆள் பத்தேல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றேன். "மிஸ்ஸட்டை. படகு வெளிக்கிட முதல்."

"கேட்டியளே!" என்றார் தலைவர். "தாய் தானே வழி சொல்லுறா! எடுங்கோடா லாண்ட்மாஸ்ரரை!"

ஆஸ்பத்திரியில் மிஸ் துறைக்குப் போய்விட்டார் என்றார்கள். துறைக்கு விட்டார்கள். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நான் நடுங்கிக்கொண்டு கிடக்க, சுற்றிவர ஆட்கள் வேப்பிலையோடு நின்றார்கள். மிஸ் படகில் ஏறி இருந்துவிட்டார். நல்ல சேலை, கையில் ஒரு பை.

"மிஸ், அம்மாள் வந்து நிக்கிறா. உங்களைத்தான் கேட்டவ" என்றார் தலைவர்.

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். "சரி, அம்மாளையும் ஏத்துங்கோ. இடமிருக்கு" என்றார்.

தூக்கி ஏற்றினார்கள். எஞ்சின் ஸ்ராட் ஆகிச் சத்தம் எழும்பியபோது நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். "மிஸ், அந்தக் கோடு நான் கீறினது."

"எப்ப?"

"நேற்றுக் காலமை. உங்கடையை அழிச்சுப்போட்டு."

"நான் கேட்டனான். நான்தான் கீறினதெண்டு சொன்னீர்." அதுவரை என்னை அண்ணை என்றும் நீங்கள் என்றும் சொன்னவர். "என்ர கண் பிழையாக்கும் எண்டு நினைச்சு ராவெல்லாம் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். குளிசையாவது போட்டனீரோ?"

"ஒருநேரம். விரதம்."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் டாக்குத்தருக்குப் போன் எடுத்தார். படகு போய்ச் சேரும் குறிகட்டுவான் துறையில் அம்புலன்ஸை நிற்கச் சொன்னார். பையிலிருந்து இன்னொரு சேலையை எடுத்து என்னைப் போர்த்தினார். கழுத்துப் பேனையை எடுத்து, ஆடுகிற படகில், கண்ணை மூடி விரலை வைத்தார். முழங்காலுக்கு மேலே போய்த் தொடையில் கோடு கீறினார். மணியை எழுதினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்" என்றேன்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? உள்ளுக்கை நிக்கிறவையட்டைக் கேளுங்கோ. ரண்டு நாளா உதவி வரும் வரும் எண்டு தனிய நிண்டு இழுபடுகினம்." குரல் தணிந்துவிட்டது. "இந்த நடுக்கமும் அவையின்ர வேலைதான். உடம்பைச் சூடாக்க அடுப்பை மூட்டியிருக்கினம். சூட்டிலை கிருமி பெருகாது, அவை கெதியா ஓடுவினம். கைவிடேல்லை, தெரியுமோ? நீங்கள் செய்த வேலைக்குக் கைவிட்டிருக்கலாம்."

"மருந்து ஏத்தினா மாறுமோ?"

"மருந்து தடி குடுக்கும். பிடிக்கிறது அவைதான். ரண்டும் வேணும்."

குறிகட்டுவானில் இறங்கி அம்புலன்ஸில் ஏற்றினார்கள். நரம்பில் ஊசி குத்திச் சேலைன் போத்தலை மிஸ் கையில் பிடித்துக்கொண்டார். புங்குடுதீவு தாண்டி வேலணைக்குக் கிட்ட வந்தபோது சாரதி வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். "மிஸ், ஊர்காவற்றுறைப் பக்கம் போற சந்தி வருது. நிப்பாட்டட்டோ? இண்டைக்கு உங்கடை பெருநாளெல்லோ?"

மிஸ் போத்தலைப் பார்த்தார். என் தொடையைப் பார்த்தார். அந்தப் பேனைக் கோட்டை இனி வேறு யாருடைய கண்ணையும் நம்பி விட்டுப்போக அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

"நேரை போங்கோ. மாதா வாற வருசமும் சுத்துவா" என்றார்.

யாழ்ப்பாணத்தில் என்னை ஒப்படைத்து, கோட்டைக் காட்டி, அங்கே நின்ற தாதியிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் எழுதிக் கொண்டுவந்த துண்டுக் காகிதத்தில் "முதல் கோடு அழிந்தது, இரண்டாவது நம்பத்தக்கதல்ல, மூன்றாவதைப் பார்க்கவும்" என்று இருந்ததாம். யார் அழித்தது என்று எழுதவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

கட்டிலில் கிடந்து நான் பார்த்ததெல்லாம் அந்தக் கோட்டைத்தான். முதல்நாள் சூடு அதைத் தொட்டது. இரண்டாம் நாள் ஒரு விரல் தாண்டியது. கால் போய்விடுமோ, உயிரே போய்விடுமோ என்று அழுதேன். எனக்கு அழ உரிமை இல்லை என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் தாண்டவில்லை. நாலாம் நாள் காலையில் விரலின் பின்பக்கத்தை வைத்தேன். கோட்டில் சூடு இல்லை. கீழே இறக்கினேன். இல்லை. இன்னும் கீழே, முழங்காலுக்குக் கிட்டத்தான் சூடு தொடங்கியது. தோல் காய்ந்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் மாதிரிச் சுருங்கத் தொடங்கியிருந்தது, அரித்தது. நான் பொய் சொன்ன நேரமும், உருண்ட நேரமும், மேளத்தின் நடுவே நின்ற நேரமும், எனக்குத் தெரியாமல் எனக்குள் இத்தனை பேர் வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் இருந்து முதல்முறையாக என் காலைக் கும்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பியபோது துறையில் மாலையோடு நின்றார்கள். அம்மாள் என் மேல் வந்து, தன் அடியானைத் தானே படகில் ஏற்றிக் காப்பாற்றினாள் என்று கதை தீவு முழுதும் பரவியிருந்தது. பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து திருநீறு போடச் சொன்னார்கள். போட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "சனம் என்னட்டை வாக்குக் கேக்குது, மிஸ்."

அவர் சிரித்தார். "என்ன சொல்லுறியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. பேசாமல் திருநீறு போடுறன். அண்டைக்கு வந்தது அம்மாள் இல்லையே, மிஸ்?"

"அம்மாள் வரேல்லை எண்டு நான் சொல்லமாட்டன். எனக்கு அது தெரியாது. நடுக்கம் காய்ச்சல் நடுக்கம். அது எனக்குத் தெரியும்." கையிலிருந்த பஞ்சை வைத்தார். "தெரிஞ்சதைச் சொல்லுங்கோ, அண்ணை. என்ர காதுக்கை சொன்ன மாதிரி. ஆனா என்ர பேரை இழுக்கவேண்டாம்."

சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த வருடம் அவருக்கு வன்னிப் பக்கம் மாற்றம் வந்தது. துறையில் பாதி ஊர் நின்றது. நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு தாய் தன் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசல் படலைக்கு வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம், உடம்பு உதறுகிறதாம். "உங்களிலை வந்த அம்மாள்தான் என்ர பிள்ளையிலும் வந்திருக்கிறா. ஒரு வாக்குச் சொல்லுங்கோ, திருநீறு போடுங்கோ" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று கேட்டேன். "அம்மாள் வந்த பிள்ளைக்கு ஊசி குத்தலாமோ?" என்றாள்.

அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். படலையில் நின்றபடியே, என் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்க, பேனை, சவர்க்காரம், பொய் எல்லாவற்றையும் சொன்னேன். "உன்ர பிள்ளைக்கு உள்ளை நிக்கிறவை உதவி கேட்டுக் கத்துகினம், அம்மா. நான் கேக்காத மாதிரி நீயும் இராதை" என்றேன். அவள் என்னை நம்பாத பார்வை பார்த்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பிள்ளைக்குச் சிறுநீரில் கிருமியாம். ஒரு கிழமையில் பள்ளிக்கூடம் போனாள். இப்போது வழியில் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். தாய் மட்டும் இன்னும் என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. அது பரவாயில்லை.

அம்மாள் என் மேல் வந்து ஆடவில்லை என்று எழுதுவதால் அம்மாள் குறைந்துபோகமாட்டாள். தாயின் வயிற்றில் கிடந்தபோதே இத்தனை காவலையும் எனக்குள் வைத்து அனுப்பியவள் அவள்தான் என்பது என் நம்பிக்கை. பிறகு, எனக்காகத் தன் பெருநாளை விட்ட ஒரு வேதக்காரப் பெண்ணையும் அனுப்பினாள்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், முக்கியமாகக் காயத்தையும் காய்ச்சலையும் மறைக்கிறவர்களுக்கு. சொல்லும்போது ஒன்றையும் கூட்ட வேண்டாம், அற்புதம் சேர்க்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு நான் சொன்ன பொய்யை விட்டுவிடவும் வேண்டாம். அதை விட்டால், அந்தச் சந்தியில் மிஸ் இறங்காமல் போனது யாருக்காக என்று கேட்கிறவர்களுக்கு விளங்காது.